‘ஆகலாம்’ முதல் ‘கொல்லலாம்’ வரை: ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்பியவன் முதுகில் குத்தினால் தமிழில் நாம் சொல்லும் வாசகம் “நீயுமா புரூட்டஸ்?” நாடகத்தைப் படிக்காதவர்கூட இதைச் சொல்வார். ஆனால் அந்த வாசகத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்கு ஆன்டனியின் பேச்சு மட்டும் கொஞ்சம் நினைவிருக்கும், கல்லூரியில் மனப்பாடம் செய்த அளவுக்கு. இந்த நாடகத்தை நண்பர்களோடு சேர்ந்து பலமுறை உரக்கப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழும் கேள்விகளையும் எனக்குத் தோன்றும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கதையை நாலு வரியில் சொல்ல முடியுமா?

போட்டியாளர்களை எல்லாம் வென்று ரோமுக்குத் திரும்புகிறான் சீசர். அவன் மன்னனாகிவிடுவான், குடியரசு அழிந்துவிடும் என்று அஞ்சும் சிலர் காசியஸின் தலைமையில் கூடுகிறார்கள். சீசரின் நண்பனும் ஊரே மதிக்கும் நேர்மையாளனுமான புரூட்டஸைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் கூட்டத்தில் சீசரைக் குத்திக் கொல்கிறார்கள். சவத்தின் அருகே சீசரின் நண்பன் ஆன்டனி பேசும் பேச்சில் மக்கள் கொதித்தெழ, சதிகாரர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். பிலிப்பை போர்க்களத்தில் தோற்று காசியஸும் புரூட்டஸும் உயிரை விடுகிறார்கள்.

எப்போது எழுதப்பட்டது?

1599. இதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு. தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று மதிய உணவுக்குப் பிறகு தேம்ஸ் ஆற்றைக் கடந்து, கூரை வேய்ந்த ஓர் அரங்கில் ஜூலியஸ் சீசரின் துன்பியல் நாடகத்தைப் பார்த்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். ஏறக்குறைய 15 பேர் நடித்தார்களாம். முடிந்ததும் நடிகர்கள் நடனம் ஆடினார்களாம். அது புதிதாகக் கட்டியிருந்த குளோப் அரங்கம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாடகம் அச்சில் வந்தது 1623-இல், ஷேக்ஸ்பியர் இறந்து 7 ஆண்டுகள் கழித்துத்தான்.

சீசர் பாதியிலேயே இறந்துவிடுகிறான். பிறகு ஏன் அவன் பெயரை நாடகத்துக்கு வைத்தார்கள்?

உயிரோடு சீசர் வருவது மூன்றே காட்சிகளில். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. வசனத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இது புரூட்டஸின் நாடகம்தான்; அவன் பேசுவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே சீசர் பேசுகிறான்.

ஆனால் இறந்த பிறகுதான் சீசர் பெரிதாக வளர்கிறான். உயிரோடிருக்கும் சீசருக்கு இடது காது கேட்காது, காக்காய் வலிப்பு வரும், மனைவி கண்ட கனவுக்கு அஞ்சி வீட்டிலேயே இருக்க ஒப்புக்கொண்டு பிறகு மனம் மாறுவான். செத்த சீசருக்கு இந்தக் குறைகள் எதுவும் இல்லை. ஆன்டனியின் பேச்சில் அவன் பெயர் நகரையே எரிக்கிறது. ஆவியாக வந்து புரூட்டஸின் கூடாரத்தில் நிற்கிறான். சீசரைக் குத்திய அதே வாளால் காசியஸ் சாகும்போது, “சீசரே, நீ பழி தீர்த்துக்கொண்டாய்” என்கிறான். “ஜூலியஸ் சீசரே, நீ இன்னும் வலிமையோடுதான் இருக்கிறாய்” என்று புரூட்டஸே ஒப்புக்கொள்கிறான். சதிகாரர்கள் ஓர் உடலைத்தான் கொன்றார்கள். பெயர் அவர்கள் கையில் சிக்கவில்லை.

புரூட்டஸ் ஏன் கொலைக்கு ஒப்புக்கொண்டான்?

நாடகத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், விடியாத இருட்டில், தன் தோட்டத்தில் தனியாக உலவியபடி புரூட்டஸ் பேசும் தனிமொழியைப் படியுங்கள். முதல் வரியே “அவன் சாவதைத் தவிர வேறு வழியில்லை” என்பதுதான். தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது. காரணங்களை அதன் பிறகுதான் தேடுகிறான். தேடும்போது அவனுக்கே தட்டுப்படும் உண்மை என்ன? சீசர்மேல் தனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. இதுவரை சீசர் அறிவை விட்டு உணர்ச்சிக்கு அடிமையானதையும் தான் கண்டதில்லை. அதாவது இன்றைய சீசர்மேல் சாட்டக் குற்றமே இல்லை. ஆகவே நாளைய சீசர்மேல் குற்றம் சாட்டுகிறான். முடிசூட்டினால் மாறலாம். ஏணியில் ஏறி உச்சியை அடைந்தவன் கீழ்ப்படிகளை வெறுப்பதுபோல் மக்களை வெறுக்கலாம். பொரியாத பாம்பு முட்டையாக எண்ணி ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிடு என்று முடிக்கிறான்.

தமிழில் படிக்கும்போது இந்த இடம் எனக்கு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நம் ‘லாம்’ விகுதி இரண்டு வேலை செய்யும். ‘மழை பெய்யலாம்’ என்றால் நடக்கக்கூடும் என்று பொருள். ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘சீசர் கொடுங்கோலன் ஆகலாம்’ என்ற முதல் ‘லாம்’இலிருந்து ‘ஆகவே கொல்லலாம்’ என்ற இரண்டாவது ‘லாம்’ வரை புரூட்டஸ் ஓர் இரவில் நடந்து முடித்துவிடுகிறான். நடுவில் சான்று என்று எதுவும் கிடையாது.

அவன் குடும்பப் பெருமையும் இதில் சேர்கிறது. கடைசி மன்னன் டார்குவினைத் துரத்திவிட்டு ரோமில் குடியரசை நிறுவியது தன் முன்னோன் என்ற பெருமிதம் அவனுக்கு உண்டு. மரபுக் கணக்கில் அது கி.மு. 509. “புரூட்டஸ், நீ தூங்குகிறாய், விழித்துக்கொள்” என்று ஊர்மக்கள் எழுதியதுபோல் பொய்க் கடிதங்கள் அவன் சன்னலுக்குள் வந்து விழுகின்றன, எழுதவைத்தவன் காசியஸ். யார் எழுதியது என்று புரூட்டஸ் விசாரிக்கவே இல்லை. ஊர் தன்னை அழைக்கிறது என்று நம்ப அவனுக்கே ஆசை. அவனிடம் வேறு எந்தப் பேராசையும் இல்லை, இந்த ஒன்றைத் தவிர: நல்லவன் என்ற பெயர். காசியஸ் அவனுக்குத் தூண்டிலில் மாட்டிய புழு அதுதான்.

காசியஸ் வெறும் பொறாமைக்காரனா?

பொறாமை உண்டு. டைபர் ஆற்றில் நீந்தமுடியாமல் “காப்பாற்று காசியஸ்” என்று கூவிய சீசரைத் தான் தோளில் தூக்கி வந்ததையும், ஸ்பெயினில் காய்ச்சலில் நடுங்கியவன் தண்ணீர் கேட்டு முனகியதையும் நினைவுகூர்ந்து, “இவன் கடவுளாம், நான் குனிய வேண்டுமாம்” என்று குமுறுகிறான். ஆனால் நாடகம் வளர வளர காசியஸின் மேல் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. அரசியல் கணக்கில் அவன் சொல்வதெல்லாம் சரியாக இருக்கிறது. அவன் புரூட்டஸை நேசிக்கவும் செய்கிறான். அந்த நேசத்தால்தான் ஒவ்வொரு முறையும் தன் சரியான கணக்கை விட்டுக்கொடுக்கிறான்.

அப்படி எதையெல்லாம் விட்டுக்கொடுத்தான்?

புகழ்பெற்ற பேச்சாளன் சிசரோவைச் சேர்ப்போம் என்றார்கள். வேண்டாம் என்றான் புரூட்டஸ். சத்தியம் செய்வோம் என்றான் காசியஸ். ரோமானியர் சொல்லே போதும் என்றான் புரூட்டஸ். ஆன்டனியையும் சேர்த்து முடிப்போம் என்றான் காசியஸ். “நாம் பலி கொடுப்பவர்களாக இருப்போம், கசாப்புக்காரர்களாக வேண்டாம்” என்றான் புரூட்டஸ். ஆன்டனியைப் பேச விடாதே என்று காசியஸ் தனியே இழுத்துச் சொன்னான். முதலில் நான் பேசிவிடுகிறேன், பிறகென்ன என்றான் புரூட்டஸ். பிலிப்பைக்குப் போகவேண்டாம், எதிரி நடந்து களைத்து நம்மிடம் வரட்டும் என்ற காசியஸின் போர்த்திட்டத்தையும் தள்ளிவிட்டான்.

ஆன்டனியைக் கொல்ல மறுத்தது தவறு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்த இரவில் புரூட்டஸ் சொன்னதில் மனிதத்தன்மை உள்ள ஒரே முடிவு அதுதான். ஒரு கொலையைச் செய்துவிட்டு அதற்குள்ளேயே தூய்மையாக இருந்துவிட நினைத்ததில்தான் கோணல் இருக்கிறது.

“நீயுமா புரூட்டஸ்?” என்று சீசர் உண்மையில் சொன்னானா?

பெரும்பாலும் இல்லை. சுவெட்டோனியஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர், சீசர் ஒரு சொல்லும் பேசாமல் இறந்தான் என்கிறார், “நீயுமா, மகனே?” என்று கிரேக்க மொழியில் சொன்னதாகச் சிலர் கூறுவதையும் குறிப்பிடுகிறார். கிரேக்க எழுத்தாளர் புளூடார்க், புரூட்டஸின் கையில் கத்தியைக் கண்டதும் சீசர் மேலாடையால் தலையை மூடிக்கொண்டான் என்று எழுதுகிறார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் இந்த வாசகம் ஆங்கில வசனங்களுக்கு நடுவே இலத்தீனில் வருகிறது. அவருடைய கற்பனையும் அல்ல. இந்த நாடகத்துக்கு முன்பே, 1595-இல் அச்சான ஒரு நாடகநூலில் இதே இலத்தீன் சொற்கள் இருக்கின்றன.

நாம் மறந்துவிடுவது அடுத்த பாதியை. “நீயுமா புரூட்டஸ்? அப்படியானால் விழட்டும் சீசர்!” தன்னைப் பற்றிப் படர்க்கையில் பேசியே பழகியவன், தன் சாவுக்கும் தானே ஒப்புதல் தருகிறான். மற்றவர்களின் கத்திகளை எதிர்த்திருப்பான். இந்தக் கத்திக்குப் பின் எதிர்க்க விருப்பமில்லை. முதலில் குத்தியவன் காஸ்கா, கடைசியில் புரூட்டஸ்.

மகனே என்று அழைத்ததாகச் சொல்கிறார்களே, புரூட்டஸ் சீசரின் மகனா?

புரூட்டஸின் தாய் செர்விலியாவுக்கும் சீசருக்கும் காதல் உறவு இருந்தது உண்மை. ஆனால் புரூட்டஸ் பிறந்தபோது சீசருக்கு ஏறக்குறைய 15 வயது. இந்த நாடகத்தில் செர்விலியாவின் பெயரே இல்லை.

வரலாற்றில் சீசருக்கு மிக நெருக்கமாக இருந்து துரோகம் செய்தது புரூட்டஸ்தானா?

இல்லை என்பேன். இந்த மார்க்கஸ் புரூட்டஸ் உள்நாட்டுப் போரில் சீசரின் எதிரியான தளபதி பாம்பேயின் பக்கம் நின்று, கி.மு. 48-இல் தோற்ற பிறகு சீசரால் மன்னிக்கப்பட்டவன். பல்லாண்டுகள் சீசரின் படையில் அவனோடு தோள் சேர்ந்து நின்றவன் வேறொரு புரூட்டஸ்: டெசிமஸ் புரூட்டஸ். சீசர் தன் உயிலில் இரண்டாம் நிலை வாரிசுகளில் ஒருவனாக அவன் பெயரை எழுதியிருந்தான். கொலை நாளன்று, வர மறுத்த சீசரை வீட்டுக்கே போய் அழைத்து வந்தவனும் அவன்தான்.

நாடகத்தில் அவன் பெயர் டிசியஸ். ஷேக்ஸ்பியர் படித்த நூலிலிருந்த பெயர்ப்பிழை அப்படியே வந்துவிட்டது. சீசரின் மனைவி கால்பூர்னியா கண்ட கனவில் சீசரின் சிலையில் நூறு வாய்களிலிருந்து இரத்தம் பீறிடுகிறது, ரோமானியர்கள் சிரித்தபடி அதில் கை நனைக்கிறார்கள். டிசியஸ் ஒரு நொடி தயங்காமல், “உன்னிடமிருந்து ரோம் புத்துயிர் பெறும் என்பதுதான் அதன் பொருள்” என்று கனவைத் திருப்பிப் போடுகிறான். கூடவே, செனட் இன்று உனக்கு மகுடம் தரப்போகிறது, மனைவி நல்ல கனவு காணும்வரை ஒத்திவைப்போமா என்று ஏளனம் செய்வார்கள் என்கிறான். பிறகு எல்லோரும் ஒன்றாக மது அருந்திவிட்டு, நண்பர்களாகவே புறப்படுகிறார்கள். கொலையைவிட என்னை அதிகமாக நடுங்கவைக்கும் காட்சி இது.

கொலைக் காட்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?

கைகளையும் முழங்கால்களையும். நாடுகடத்தப்பட்ட தன் சகோதரனுக்கு மன்னிப்புக் கேட்டு, சதிகாரர்களில் ஒருவனான மெட்டெல்லஸ் சீசரின் காலடியில் குனிகிறான். புரூட்டஸ் சீசரின் கையை முத்தமிட்டு, “இது முகத்துதி அல்ல” என்கிறான். காசியஸ் காலடியில் விழுகிறான். சீசரோ, வானில் அசையாத ஒரே விண்மீன் வடமீன், மனிதரில் நான் என்கிறான். அந்தச் சொல் காற்றில் இருக்கும்போதே, “கைகளே, எனக்காகப் பேசுங்கள்” என்று காஸ்கா பாய்கிறான்.

“தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்” என்று வள்ளுவர் சொன்னதை இதைவிடக் கண்முன் நிறுத்தும் காட்சியை நான் பார்த்ததில்லை. அந்தக் குறளின் அடுத்த பாதி “ஒன்னார் அழுதகண் ணீரும் அனைத்து”. பகைவர் அழும் கண்ணீருக்குள்ளும் ஆயுதம் உண்டு. கொலைக்குப் பின் கண்ணீரோடு வந்து, இரத்தம் தோய்ந்த ஒவ்வொரு கையையும் பிடித்துக் குலுக்கும் ஆன்டனியை நினைத்துப் பாருங்கள். அவன் அழுகை பொய்யல்ல, அந்த அழுகையில் ஆயுதம் இருப்பதும் பொய்யல்ல.

கொன்ற உடனே புரூட்டஸ் எல்லோரையும் குனியச் சொல்லி, முழங்கை வரை சீசரின் இரத்தத்தில் நனைத்துக்கொண்டு, “அமைதி, விடுதலை, சுதந்திரம்” என்று கூவியபடி சந்தைவெளிக்குப் போவோம் என்கிறான். கால்பூர்னியாவின் கனவு எழுத்துக்கு எழுத்துப் பலிக்கிறது. பலியாக அலங்கரிக்க நினைத்த கொலை, பார்ப்பவர் கண்ணுக்குக் கசாப்புக்கடையாகவே தெரிகிறது.

ஆன்டனியின் பேச்சு ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

முதலில் புரூட்டஸ் பேசியதைப் பார்க்க வேண்டும். அவன் உரைநடையில், வாய்ப்பாடு போல் அடுக்கி அடுக்கிப் பேசுகிறான். “சீசரை நான் குறைவாக நேசித்தேன் என்பதல்ல, ரோமை அதிகமாக நேசித்தேன்.” சீசர் பேராசைக்காரன், ஆகவே கொன்றேன். பேராசைக்கு ஓர் எடுத்துக்காட்டாவது? இல்லை. என் நேர்மைக்காக என்னை நம்புங்கள் என்கிறான். மக்கள் நம்பவும் செய்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒருவன் கத்துகிறான்: “இவனையே சீசர் ஆக்குவோம்!” புரூட்டஸ் இதைக் கேட்டும் கேளாதவனாக நிற்கிறான். ஒரு சீசர் வரக்கூடாது என்பதற்காக அவன் நண்பனைக் கொன்றான். அவனைக் கொண்டாடும் மக்களுக்கோ இன்னொரு சீசர் வேண்டும். அரியணை செனட்டில் இல்லை, தெருவில் நிற்பவர்கள் மனத்தில் இருக்கிறது. இந்த ஒரே வரியில் சதியின் தோல்வி முடிவாகிவிட்டது. ஆன்டனி இன்னும் வாயே திறக்கவில்லை.

ஆன்டனி செய்யுளில் பேசுகிறான், ஆனால் பொருட்களைக் காட்டிப் பேசுகிறான். ரோமின் கருவூலத்தை நிரப்பியது யார்? ஏழை அழுதபோது அழுதது யார்? மூன்று முறை மகுடத்தை மறுத்ததை நீங்கள் கண்டீர்களே? ஒவ்வொரு முறையும் “ஆனால் புரூட்டஸ் கண்ணியமானவன்” என்ற பல்லவி. முதல் முறை அது பாராட்டு. மூன்றாம் முறை சந்தேகம். அதன் பிறகு கூட்டமே “அவர்கள் துரோகிகள்” என்று திருப்பிச் சொல்கிறது. ஆன்டனி தன் வாயால் அவர்களை ஒரு முறையும் கொலைகாரர்கள் என்று அழைக்கவில்லை. கொலைகாரர்கள் என்று கத்துவதும் கூட்டம்தான்.

பிறகு கீழே இறங்கிச் சவத்தைச் சுற்றி அவர்களை நிற்கவைக்கிறான். சீசரின் மேலாடையைத் தூக்கிக் காட்டுகிறான். ஒரு கோடை மாலையில், நெர்வியரை வென்ற நாளில், கூடாரத்தில் சீசர் இதை முதன்முதலாக உடுத்தியது எனக்கு நினைவிருக்கிறது என்கிறான். இதோ காசியஸின் கத்தி புகுந்த இடம், இதோ காஸ்கா கிழித்தது, இதோ புரூட்டஸ் குத்தியது. கொலை நடந்தபோது ஆன்டனி அங்கே இல்லை. சதிகாரன் டிரெபோனியஸ் அவனை வெளியே அழைத்துப் போயிருந்தான். எந்தக் கிழிசல் யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வரலாற்றில் நெர்வியர் போரிலும் அவன் இல்லை. ஆனாலும் கேட்பவர் அழுகிறார்கள். படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. அவன் சொல்லும் பொய்களுக்கு அடியில் ஒரு மெய் இருக்கிறது: இறந்தவனை அவன் உண்மையிலேயே நேசித்தான்.

உயிலைப் பாதியில் காட்டி, படிக்க மறுத்து, மக்கள் கெஞ்சிய பிறகு, எரிக்கப் புறப்பட்டவர்களையும் நிறுத்தி, “உயிலை மறந்துவிட்டீர்களே” என்று நினைவூட்டுகிறான். ஒவ்வொரு குடிமகனுக்கும் 75 டிராக்மா. டைபர் கரைத் தோட்டங்கள் எல்லாம் பொதுமக்களுக்கு. கூட்டம் போன பிறகு தனியே சொல்கிறான்: “தீமையே, நீ எழுந்துவிட்டாய், உனக்குப் பிடித்த வழியில் போ.”

அந்தத் தீமை எங்கே போனது?

அடுத்த காட்சியிலேயே தெருவில் ஒரு கவிஞனைப் பிடிக்கிறது. அவன் பெயர் சின்னா. சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர். “நான் கவிஞன் சின்னா, சதிகாரன் சின்னா அல்ல” என்று அவன் கதறுகிறான். “அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழியுங்கள்” என்கிறது கூட்டம். முப்பது, நாற்பது வரிகள்தான். பல காலம் மேடையில் இதை வெட்டிவிட்டே நடித்தார்கள். 1937-இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் பாசிச உடைகளில் இந்த நாடகத்தை இயக்கியபோது, அந்தக் காட்சிதான் பார்த்தவர்களை உலுக்கியது.

அதற்கடுத்த காட்சியில் ஆன்டனி, சீசரின் வாரிசான ஆக்டேவியஸ், அவர்களின் கூட்டாளி லெபிடஸ் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சாக வேண்டியவர்களின் பெயர்களைக் குறிக்கிறார்கள். லெபிடஸ் தன் சகோதரனை விட்டுக்கொடுக்கிறான். ஆன்டனி தன் சகோதரியின் மகனுக்கு ஒரு புள்ளி வைத்து, இவனையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். அப்படியே, உயிலில் மக்களுக்கு எழுதியதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்கிறான். நேற்று அழுதுகொண்டே படித்த அதே உயில்! ஆன்டனியின் பேச்சை மனப்பாடம் செய்த ஒவ்வொருவரும் இந்தக் காட்சியையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும் என்பது என் தீராத குறை.

பெண்களுக்கு இடமே இல்லையா?

கால்பூர்னியா, புரூட்டஸின் மனைவி போர்ஷியா என்று இருவர், சில நிமிடங்கள். இருவருக்கும் உண்மை தெரியும், இருவர் பேச்சும் எடுபடவில்லை. கணவனின் இரகசியத்தைத் தாங்கும் உறுதி தனக்கு உண்டு என்று காட்டத் தன் தொடையில் தானே காயம் செய்துகொண்டவள் போர்ஷியா. அவள் இறந்த செய்தியைப் புரூட்டஸ் காசியஸிடம் ஒரே வரியில் சொல்வான், நெருப்பை விழுங்கினாள். அந்த வரிக்கு முன் இருவரும் பணத்துக்காகக் கடுமையாகச் சண்டையிட்டிருப்பார்கள். லஞ்சம் வாங்கினாய் என்று காசியஸைப் பழிக்கும் புரூட்டஸே, கேட்ட பொன்னை நீ ஏன் அனுப்பவில்லை, என்னால் இழிவழியில் பணம் திரட்ட முடியாதே என்றும் கேட்பான். கை சுத்தமாக இருக்க வேண்டும், பணமும் வேண்டும். அந்தக் கோபம் முழுவதும் மனைவியின் சாவிலிருந்து வருகிறது என்று பிறகுதான் நமக்குத் தெரியும்.

நாடகம் வரலாற்றிலிருந்து எங்கே விலகுகிறது?

காலத்தைச் சுருக்குவதில். சீசரின் வெற்றி ஊர்வலம் நடந்தது கி.மு. 45 அக்டோபரில், மகுடம் நீட்டப்பட்ட திருவிழா கி.மு. 44 பிப்ரவரியில், நாடகத்தில் இரண்டும் ஒரே நாள். பிலிப்பையில் கி.மு. 42 அக்டோபரில் மூன்று வார இடைவெளியில் இரண்டு போர்கள் நடந்தன, நாடகத்தில் ஒன்று. கொலை நடந்தது நாடகத்தில் வருவதுபோல் கேப்பிடல் குன்றில் அல்ல, பாம்பேயின் அரங்க வளாகத்திலிருந்த கூடத்தில். அதன் இடிபாடுகளை இன்றும் ரோம் நகரின் நடுவே பார்க்கலாம். காயங்கள் 23 என்று பழைய நூல்கள் சொல்ல, நாடகத்தில் ஆக்டேவியஸ் 33 என்கிறான்.

நாடகத்தில் கடிகாரம் மணி அடிக்கிறதே, பண்டைய ரோமில் அடிக்குமா?

அடிக்காது. ஷேக்ஸ்பியரின் லண்டனில் அடிக்கும்.

ஷேக்ஸ்பியர் யார் பக்கம்?

இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் வரும் நரகத்தின் அடியாழத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குப் பக்கத்திலேயே புரூட்டஸையும் காசியஸையும் சாத்தானின் வாயில் வைத்தார். ஷேக்ஸ்பியர் அப்படித் தீர்ப்பெழுதவில்லை. 1599-இன் லண்டனையும் நினைக்க வேண்டும். எலிசபெத் அரசிக்கு 66 வயது, வாரிசு அறிவிக்கப்படவில்லை. 1570-இல் போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்திருந்தார். 1584-இல் நெதர்லாந்தின் வில்லியம், 1589-இல் பிரான்சின் மூன்றாம் ஹென்றி, இருவரும் கொலையுண்டிருந்தார்கள். ஆட்சியாளரைக் கொல்லலாமா என்பது அன்று ஏட்டுக் கேள்வி அல்ல. தணிக்கை இருந்த ஊரில், ரோமானிய உடையில்தான் இதைப் பேச முடியும்.

அவர் சீசரை அப்பாவியாகக் காட்டவில்லை. சிலைகளிலிருந்து சீசரின் அலங்காரங்களை அகற்றிய இரு அதிகாரிகளின் ‘வாய் அடைக்கப்பட்டது’ என்று போகிறபோக்கில் காஸ்கா சொல்வான். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கொலைக்குப் பின் வருவது சீசரைவிடக் கொடியது என்பதையும் மறைக்கவில்லை. எதிரியான ஆன்டனியே கடைசியில் புரூட்டஸின் உடலைப் பார்த்து, இவர்கள் எல்லோரிலும் உயர்ந்த ரோமானியன் இவன்தான் என்கிறான்.

இந்த நாடகம் நிஜ அரசியலைத் தொட்டதுண்டா?

1864 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் பூத் சகோதரர்கள் மூவர் இதில் சேர்ந்து நடித்தார்கள். ஆன்டனியாக நடித்தவர் ஜான் வில்க்ஸ் பூத். ஐந்து மாதங்களுக்குள், 1865 ஏப்ரல் 14 அன்று, ஒரு நாடக அரங்கில் வைத்தே ஆபிரகாம் லிங்கனைச் சுட்டார். தன்னைப் புரூட்டஸாக எண்ணிக்கொண்டவர் அவர்; பிடிபடாமல் ஒளிந்திருந்த நாட்களில், புரூட்டஸுக்குப் புகழ் தந்த செயலுக்குத் தன்னை வேட்டையாடுகிறார்களே என்று நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார்.

இதற்கு நேர்மாறான நினைவும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சன்னி வெங்கட்ரத்னம் என்ற கைதி ஷேக்ஸ்பியர் நூல்தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார். சமயநூல் என்று காவலர்கள் எண்ணும்படி, தீபாவளி வாழ்த்து அட்டைகளில் இருந்த சாமி படங்களை அதன் அட்டைமேல் ஒட்டினார். சக கைதிகளிடம் கொடுத்துப் பிடித்த வரிகளின் அருகே கையெழுத்திடச் சொன்னார். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையெழுத்திட்டது இந்த நாடகத்தில், சீசர் பேசும் வரிகளுக்கு அருகே: கோழைகள் சாவதற்கு முன் பலமுறை சாகிறார்கள், வீரன் சாவை ஒருமுறைதான் சுவைக்கிறான்.

கொலை முடிந்த கையோடு காசியஸ் ஒன்று சொல்வான்: இன்னும் பிறக்காத நாடுகளில், இன்னும் அறியாத மொழிகளில் இந்தக் காட்சி எத்தனை முறை நடிக்கப்படுமோ! தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே இதை சுவாஹிலியில் மொழிபெயர்த்து 1963-இல் வெளியிட்டார். தமிழில் நாம் அதைப் பேசிக்கொண்டிருப்பதும் அந்த வரியின் கணக்கில் சேரும்.

முதல் முறை படிப்பவர் எந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும்?

கொலையும் இரங்கற்பேச்சும் தாமே பிடித்து நிறுத்திவிடும். நான் சொல்வது பிலிப்பைக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு. சண்டை தீர்ந்து காசியஸ் போய்விட்டான். கூடாரத்தில் புரூட்டஸும், லூசியஸ் என்ற வேலைக்காரச் சிறுவனும் மட்டும் விழித்திருக்கிறார்கள். ஒரு பாட்டு வாசிப்பாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான் புரூட்டஸ். உன்னை மிகவும் வருத்துகிறேன் என்று மன்னிப்பும் கேட்கிறான். சிறுவன் வாசித்துக்கொண்டே தூங்கிப்போகிறான். சாய்ந்தால் நரம்புக்கருவி உடைந்துவிடுமே என்று, அவன் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக அதை அவன் கையிலிருந்து எடுத்து வைக்கிறான் புரூட்டஸ். பிறகு படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தில் மடித்து வைத்த தாளைத் தேடுகிறான். விளக்கு மங்குகிறது. சீசர் உள்ளே வருகிறான்.